பதினோரு இரவுகள், ஒன்பது மோட்டல்கள்: சிகாகோ முதல் லாஸ் ஏஞ்சலஸ் வரை ஒரு நிகழ்வு ஆய்வு

அக்டோபர் 1ஆம் தேதி காலை சிகாகோவில் வாடகைக் கார் எடுத்தோம். 12ஆம் தேதி மாலை லாஸ் ஏஞ்சலஸில் திருப்பிக் கொடுத்தோம். நடுவில் 11 இரவுகள், 9 மோட்டல்கள். போனவர்கள் நான்கு பேர்: நான், மனைவி, ஒன்பது வயது மகன், எழுபத்தொரு வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஆகாது. தினமும் இன்சுலின் போட வேண்டும். தங்குவதற்கு ஒதுக்கிய பணம் வரியோடு சேர்த்து இரவுக்கு 90 டாலர், மொத்தம் 990. கடைசியில் செலவானது 988.

தொகையை மட்டும் பார்த்தால் போட்ட கணக்கு அச்சு அசலாக நடந்ததுபோல் இருக்கும். ஆனால் இரண்டு இரவுகள் நாங்கள் யாருமே ஒழுங்காகத் தூங்கவில்லை. இன்னோர் இரவு அறைக்குள் கால் வைத்த பத்தாவது நிமிடம் பெட்டிகளோடு வெளியே வந்தோம். திரும்பி வந்தபின் அந்த மூன்று இரவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் இரவு எப்படிப் போகும் என்பதைத் தீர்மானித்தது மோட்டல் அல்ல; எந்த ஊரில், எத்தனை மணிக்கு நிற்பது என்று நான் எடுத்த முடிவு. இந்த ஆய்வு அதைப் பற்றியதுதான்.

மோட்டல் ஏன் மலிவு

‘மோட்டார்’, ‘ஹோட்டல்’ இரண்டையும் ஒட்டிப் பிறந்த சொல் மோட்டல். சான் பிரான்சிஸ்கோவுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் நடுவில் உள்ள சான் லூயிஸ் ஒபிஸ்போவில் ஆர்தர் ஹைன்மன் என்ற கட்டடக் கலைஞர் 1925இல் அந்தப் பெயரில் ஒரு விடுதி திறந்தார். கார் அறை வாசலில் நிற்க வேண்டும் என்பதுதான் யோசனை. அடுத்த ஆண்டு, 1926இல், சிகாகோவையும் லாஸ் ஏஞ்சலஸையும் இணைக்கும் ரூட் 66 என்ற நெடுஞ்சாலைக்கு எண் கொடுத்தார்கள். அதன் ஓரமெல்லாம் மோட்டல்கள் முளைத்தன. 1956இல் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைச் சட்டம் வந்து, அகலச் சாலைகள் ஊருக்கு வெளியே போனபோது மோட்டல்களும் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் ‘எக்ஸிட்’ பக்கம் நகர்ந்தன. 1962இல் சான்டா பார்பராவில் மோட்டல் 6 இரவுக்கு 6 டாலர் வாடகையில் தொடங்கியது. பெயரே அதன் விலைதான். சூப்பர் 8ஐ 1974இல் தெற்கு டகோட்டாவின் அபர்டீனில் 8.88 டாலருக்குத் திறந்தார்கள்.

இந்த வரலாறு எனக்குச் சுவாரசியத்துக்காக மட்டும் தேவைப்படவில்லை. மலிவு எங்கிருந்து வருகிறது என்று அது காட்டுகிறது. லிஃப்ட் இல்லை, உள் தாழ்வாரம் இல்லை, சுவர் மெல்லியது, கதவைத் திறந்தால் வாகன நிறுத்தம், நூறு அடியில் நெடுஞ்சாலை. விலை குறைந்ததே இவற்றையெல்லாம் விட்டதால்தான். ஆகவே இவை எந்த மோட்டலிலும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, நமக்கு எந்தக் குறை தாங்காதோ அதை மட்டும் தவிர்க்கப் பார்க்க வேண்டும். எங்களுக்குத் தாங்காதவை மூன்று: மாடிப்படி, புகை நாற்றம், குளிர்சாதனப் பெட்டி இல்லாத அறை.

மோட்டல் 6 போன்ற சங்கிலிப் பெயர்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தாலும் பெரும்பாலான சங்கிலி மோட்டல்களுக்கு உரிமையாளர்கள் வேறு வேறு. பெயருக்குப் பணம் கட்டி நடத்துகிறார்கள். ஒரே பலகையின் கீழ் ஒரு ஊரில் வெள்ளை வெளேரென்ற படுக்கையும், அடுத்த ஊரில் கிழிந்த திரையும் இருப்பது அதனால்தான். பெயர் கைமாறுவதும் உண்டு. 2024இல் மோட்டல் 6 பெயரையே நம் நாட்டு ஓயோவின் தாய் நிறுவனம் 52.5 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. பலகையைப் பார்த்துத் தேர்வதைவிட அந்தக் குறிப்பிட்ட கட்டடத்தைப் பற்றிக் கடைசி மூன்று மாதம் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பது மேல்.

திட்டம் போட்ட விதம்

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே ஒரு அட்டவணை போட்டேன். ஊர், தூரம், மோட்டல், வாடகை, மதிப்பெண் என்று ஐந்து பத்தி. 90 டாலருக்குள் இருப்பவற்றை விலைவாரியாக அடுக்கி, மேலேயிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்பது இரவுகளுக்கு முன்பதிவு செய்தேன். 7ஆம் இரவையும் 11ஆம் இரவையும் வேண்டுமென்றே காலியாக விட்டேன். வழியில் மனம் போன இடத்தில் நிற்கலாம் என்று.

அட்டவணையில் ‘சென்று சேரும் நேரம்’ என்ற பத்தி இல்லை. வரைபடம் நான்கு மணி நேரம் என்றால் நான்கு என்றே எடுத்துக்கொண்டேன். அம்மா ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும், மகன் கண்ணில் பட்ட பழைய பெட்ரோல் பங்கில் எல்லாம் இறங்கிப் பார்ப்பான் என்பதெல்லாம் வீட்டு மேசையில் தோன்றவில்லை. நடைமுறையில் வரைபடத்தின் நான்கு மணி எங்களுக்கு ஆறரை.

இரண்டாம் இரவு: மிசூரியின் ரோலா, 64 டாலர்

பயணத்திலேயே குறைந்த வாடகை இதுதான். ஒரு முன்பதிவுத் தளத்தில் எடுத்தேன். கேன்சல் செய்தால் பணம் திரும்ப வராத விலை. சாதாரண விலையைவிட 9 டாலர் குறைவு.

இலினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து ரோலாவுக்கு ஏறக்குறைய 200 மைல். நடுவில் செயின்ட் லூயிஸ். அங்கே 630 அடி உயர வளைவின் உச்சிக்கு ஏறுவதற்கு வரிசை நீண்டது. இறங்கி, சாப்பிட்டு, ஊரைவிட்டு வெளியே வருவதற்குள் இருட்டிவிட்டது. மோட்டல் வாசலில் காரை நிறுத்தும்போது மணி 10:15.

வரவேற்பு மேசையில் ஒரே ஒரு இளைஞர். எங்களுக்கு இருந்தது மாடியில் ஒரு அறை. ‘முதல் மாடி வேண்டாம், வயதானவர் இருக்கிறார்’ என்று நான் பதிவில் குறிப்பு எழுதியிருந்தேனே என்றேன். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது ‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர் வேண்டாம்’. அமெரிக்காவில் ஃபர்ஸ்ட் ஃப்ளோர் என்றால் தரைத்தளம். எனக்கு வேண்டியதையே வேண்டாம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அவர்களும் அதன்படி இரண்டாம் தளத்தில் ஒதுக்கியிருக்கிறார்கள். அவர்கள் மேல் குற்றமே இல்லை. இதைப் படிக்கும் யாரும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தாமல் ‘தரையோடு உள்ள அறை, படி ஏறக்கூடாது’ என்று நேராகவே எழுதுங்கள்.

கீழே காலியாக இருந்தது ஒன்றே ஒன்று. அது புகைப்பவர்களுக்கான அறை. அம்மா, ‘படியைவிட அது பரவாயில்லைடா, நான் சமாளிச்சுக்கறேன்’ என்றார். எடுத்துக்கொண்டோம். கதவைத் திறந்ததும் முதலில் வந்தது எலுமிச்சை வாசனை, அதற்கு அடியில் பழைய சிகரெட். திரைச்சீலையிலும் தலையணையிலும் ஏறிப்போன வாடை அது. ஜன்னல் திறக்கவில்லை. வேறு மோட்டல் பார்க்கலாமா என்று மனைவி கேட்டாள். மணி 10:40, மகன் தோளில் தூங்குகிறான், கட்டிய பணம் திரும்ப வராது. அப்படியே படுத்தோம். இரவு முழுவதும் அம்மா இருமினார்.

மறுநாள் நான் வண்டி ஓட்டும் நிலையில் இல்லை. இன்டர்ஸ்டேட் 44இல் ஓய்விடத்தில் காரை நிறுத்தி ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டுத்தான் தொடர்ந்தேன். தூக்கக் கலக்கத்தில் மணிக்கு 70 மைல் வேகத்தில் குடும்பத்தோடு போவதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. 9 டாலர் மிச்சம் பிடித்ததற்கு இது விலை.

நான்காம் இரவு: ஓக்லஹோமா சிட்டி, 86 டாலர்

மூன்றாம் இரவு தங்கிய ஜோப்ளினிலிருந்து ஓக்லஹோமா சிட்டி 215 மைல். ரோலா தந்த பயத்தில் காலை எட்டு மணிக்கே கிளம்பினோம். மாலை நான்குக்கு நகரின் மேற்கு ஓரத்தில் பதிவு செய்த மோட்டலில் இருந்தோம். பளிச்சென்ற கட்டடம், நல்ல மதிப்பெண், தரைத்தள அறை. சந்தேகப்பட ஒன்றுமில்லை.

ஆனாலும் பெட்டிகளை அறைக்குள் கொண்டுபோகவில்லை. மூட்டைப்பூச்சிச் சோதனை முடியும்வரை அவை காரிலேயே இருக்க வேண்டும் என்பது மனைவியின் கண்டிப்பு. அவள் செய்யும் முறை இது. தலைமாட்டுப் பக்கத்து இரண்டு மூலைகளிலும் விரிப்பை உருவுவாள். மெத்தையின் ஓரத்தில் கயிறுபோல ஓடும் தையலை விரலால் பிரித்து, கைபேசி வெளிச்சத்தை அதன்மேல் சாய்வாக அடிப்பாள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்வாக அடித்தால் சிறு மேடும் நிழல் காட்டும். பிறகு தலைமாட்டுப் பலகையின் பின்புறம், கட்டிலோரத்து மேசையின் இழுப்பறை மூலை. தேட வேண்டியது பூச்சியை மட்டுமல்ல. பேனா முனையைத் தாளில் ஊன்றி எடுத்ததுபோலக் கரும்புள்ளிகள் கூட்டமாக இருக்கும். அது அதன் எச்சம். வெளிர் நிறத்தில் உரித்துப் போட்ட தோல் இருக்கும். வளர்ந்த பூச்சி ஆப்பிள் விதை அளவுதான். உணவே இல்லாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் என்பதால் அறை சுத்தமாகத் தெரிவதில் ஒரு உறுதியும் கிடையாது.

இரண்டாவது கட்டிலில், சுவரோரத் தையலில், ஏழெட்டுப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. அவற்றின் நடுவே ஒரு பூச்சி நகர்ந்தது.

படம் எடுத்துக்கொண்டு போய் மேசையில் காட்டினேன். அங்கே இருந்த பெண்மணி வேறு அறை தருவதாகச் சொன்னார். பூச்சி சுவர் இடுக்கு வழியாகப் பக்கத்து அறைக்குப் போகக்கூடியது என்பதால் வேண்டாம் என்றோம். மறுபேச்சு இல்லாமல் பணத்தைத் திருப்பிப் போட்டார். மணி 4:25. அதே எக்ஸிட்டில் இன்னும் நான்கு மோட்டல்கள். இரண்டாவதில் அறையைக் காட்டச் சொல்லிப் பார்த்து, சோதித்து, 86 டாலருக்கு எடுத்தோம். ஆறு மணிக்கு மகன் பக்கத்துப் பூங்காவில் விளையாடிக்கொண்டிருந்தான்.

இந்த ஆய்வின் மையமே இந்த ஒப்பீடுதான். ரோலாவில் இருந்த குறை சிறியது: ஒரு தவறான சொல், ஒரு நாற்றமடித்த அறை. ஓக்லஹோமாவில் கண்டது ஒரு குடும்பத்தின் துணிமணிகளையும் வீட்டையும் மாதக்கணக்கில் நாசமாக்கக்கூடிய குறை. ஆனால் முதலாவது எங்கள் இரவையும் மறுநாளையும் தின்றது. இரண்டாவது நாற்பது நிமிடத்தில் முடிந்தது. காரணம் வெளிச்சம். நான்கு மணிக்கு நின்றவனுக்கு மறுக்கும் வசதி இருந்தது. பத்தேகால் மணிக்கு நின்றவனுக்கு இல்லை. கேன்சல் செய்ய முடியாத பதிவு அந்த வசதியின் மிச்சத்தையும் பறித்துவிடுகிறது.

ஏழாம் இரவு: ஆல்பகர்க்கி தராத அறை

டெக்சாஸின் அமரிலோவில் இரண்டு இரவு தங்கினோம், அருமையான இடம். பாலோ டூரோ பள்ளத்தாக்கில் ஒரு பகல் போனது. 7ஆம் தேதி காலை நியூ மெக்சிகோவுக்குக் கிளம்பினோம். அன்றிரவுக்குப் பதிவு இல்லை. மாநில எல்லையில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அது எங்களுக்கு லாபம். 290 மைல் ஓட்டி, மாலை நாலரைக்கு ஆல்பகர்க்கியில் இருந்தோம். வெளிச்சம் இருந்தது, நேரம் இருந்தது. இந்தமுறை சரியாகச் செய்தேன் என்றே நினைத்தேன்.

முதல் மோட்டலில் அறை இல்லை. இரண்டாவதில் 240 டாலர். மூன்றாவதில் இருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்து, பலூன் விழா நடக்கிறதே தெரியாதா என்று கேட்டார். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் பாதியில் ஒன்பது நாட்கள் ஆல்பகர்க்கியில் சர்வதேச வெப்பக்காற்றுப் பலூன் விழா. நூற்றுக்கணக்கான பலூன்கள் விடியலில் ஒன்றாக ஏறும். உலகமெங்கும் இருந்து கூட்டம் வரும். நான் விலை பார்த்தது செப்டம்பர் மாதத் தேதிகளில். சராசரி 75 டாலர் என்று அட்டவணையில் எழுதியிருந்தேன்.

மேற்கே போகப்போக விலை இறங்கும் என்று மேலும் 140 மைல் ஓட்டி கேலப் ஊருக்குப் போனோம். வழியில் கிரான்ட்ஸிலும் கேட்டோம், இல்லை. கேலப்பில் எட்டரை மணிக்கு 104 டாலருக்கு ஓர் அறை. தரைத்தளம், சுத்தம், பூச்சி இல்லை, குளிர்சாதனப் பெட்டி உண்டு. நன்றாகவே நடத்தப்படும் இடம்.

முதல் ரயில் ஒன்பதே காலுக்கு வந்தது. பழைய சான்டா ஃபே ரயில் பாதை, இப்போது பிஎன்எஸ்எஃப் நிறுவனத்துடையது, இந்தப் பகுதியில் ரூட் 66ஐ ஒட்டியே ஓடுகிறது. பழைய மோட்டல்கள் இருப்பதும் அந்தச் சாலையில்தான். சாலையைக் கடக்கும் இடங்களில் ரயில் 15 முதல் 20 விநாடி முன்பிருந்து ஊத வேண்டும் என்பது மத்திய அரசு விதி: இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். மகன் அந்த வரிசையைக் கண்டுபிடித்து, போர்வைக்குள்ளிருந்து கூடவே சொல்லிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு மணிக்கு அவனும் அழ ஆரம்பித்துவிட்டான்.

வரைபடத்தில் அந்தப் பாதை கண்ணுக்குத் தெரியும்படிதான் இருக்கிறது. மெல்லிய சாம்பல் கோடு. செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றினால் மோட்டலின் கூரைக்கும் தண்டவாளத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளக்கவே முடியும். அளந்து பார்க்கும் நிலையில் எட்டரை மணிக்கு யாரும் இருப்பதில்லை.

ஆல்பகர்க்கியில் 240 கொடுத்திருக்கலாமா என்று பின்னால் பலமுறை யோசித்தேன். அதுவும் சரியான விடை இல்லை. அன்று மதியம் ஒரு மணிக்கு டுகும்காரியில் சாப்பிட்டோம். நியான் விளக்குப் பலகைகளோடு பழைய மோட்டல்கள் வரிசையாக நிற்கும் ஊர். அப்போதே ஆல்பகர்க்கிக்கு ஒரு போன் போட்டிருந்தால் செய்தி தெரிந்திருக்கும், டுகும்காரியிலேயோ ஒரு மணி நேரம் தள்ளி சான்டா ரோசாவிலோ நின்றிருப்போம். இரவை முடிவு செய்ய வேண்டிய நேரம் மதியச் சாப்பாடு. மாலை அல்ல.

ஊரைத் தேர்ந்த பிறகு, அந்த ஊரில் அந்த வாரம் என்ன நடக்கிறது என்று தேடுவதை இப்போது முதல் வேலையாக வைத்திருக்கிறேன். தெற்கு டகோட்டாவின் ஸ்டர்ஜிஸில் ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் திருவிழா. அந்த வாரம் சுற்று வட்டாரத்திலேயே மலிவு என்ற பேச்சுக்கு இடமில்லை. பல்கலைக்கழக ஊர்களில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் உள்ள சனிக்கிழமைகளும் அப்படித்தான்.

நல்ல இரவுகள்

நன்றாகப் போன இரவுகளைப் பற்றி எழுத அதிகமில்லை. எட்டாம் இரவு தங்கிய அரிசோனாவின் ஹோல்ப்ரூக் மட்டும் விதிவிலக்கு. கேலப்பிலிருந்து 95 மைல்தான். நடுவில் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்கா. அரிசோனா கோடைகாலக் கடிகார மாற்றத்தைப் பின்பற்றுவதில்லை (நவஹோ நிலப்பகுதி மட்டும் பின்பற்றுகிறது), ஆகவே அக்டோபரில் எல்லை தாண்டினால் இன்னொரு மணி நேரம் கையில் கிடைக்கிறது. மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சங்கிலிப் பெயர் இல்லாத சிறு மோட்டல், 69 டாலர். வரவேற்பு மேசைக்குப் பின்னாலேயே உரிமையாளர் வீடு, குஜராத்திக் குடும்பம். அமெரிக்க மோட்டல்களில் பெரும் பங்கு இந்திய வம்சாவளியினர் கையில் இருக்கிறது, அதிலும் குஜராத்தைச் சேர்ந்தவர்களே மிகுதி. அவர்கள் முன்னின்று அமைத்த ஆசிய அமெரிக்க ஹோட்டல் உரிமையாளர் சங்கம் 1989 முதல் இயங்குகிறது. உரிமையாளரே அங்கு வசிக்கும் மோட்டலில் பழுது உடனே கண்ணில் படும், உடனே சரியாகும். அந்த வீட்டு அம்மாள் நான் கேட்காமலேயே தண்டவாளத்திலிருந்து விலகிய பக்கத்து அறைச் சாவியை எடுத்தார். ‘வயசானவங்க இருக்காங்க இல்லையா’ என்பதுபோல இந்தியில் ஏதோ சொன்னார். எங்கள் அம்மாவுக்கு இந்தி தெரியாது. இருவரும் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

இன்சுலின் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மோட்டல் அறையின் சிறிய குளிர்சாதனப் பெட்டிகளில் உள்ளேயே ஒரு உறைபனித் தட்டு இருக்கும். முன்னால் தங்கியவர் குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகை உச்சத்தில் விட்டுப் போயிருந்தால் மேல்தட்டில் வைத்தது எல்லாம் உறைந்துவிடும். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது, தூக்கி எறிய வேண்டியதுதான். முதல் இரவே மனைவி ஒரு கோப்பைத் தண்ணீரை உள்ளே வைத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தாள். மேலே மெல்லிய பனி ஏடு கட்டியிருந்தது. திருகைக் குறைத்து, மருந்தைத் துண்டில் சுற்றிக் கதவுப் பக்கத் தட்டில் வைத்தோம். ஒவ்வொரு மோட்டலிலும் அந்தக் கோப்பைச் சோதனை நடந்தது.

கிராண்ட் கேன்யனுக்கு எங்கே தங்குவது என்பதுதான் செலவுக் கணக்கில் கடினமான முடிவு. பள்ளத்தாக்கின் வாசலிலேயே டுசாயன் என்ற ஊர் இருக்கிறது. எங்கள் பணத்துக்கு எட்டாது. தெற்கு விளிம்பிலிருந்து 60 மைலில் உள்ள வில்லியம்ஸில் இரண்டு இரவு, இரவுக்கு 124 டாலர் கொடுத்தோம். இங்கே வரம்பை மீறியது தெரிந்தே செய்தது. ஒரே இரவு தங்கினால் சூரிய அஸ்தமனத்தைப் பார்த்துவிட்டு இருட்டில் 60 மைல் ஓட்ட வேண்டும். அந்தச் சாலையில் இரவில் எல்க் எனும் பெரிய மான்கள் குறுக்கே வரும். குதிரை அளவு உடம்பு. இரண்டு இரவு இருந்ததால் முழுப் பகலும் விளிம்பில் நடந்துவிட்டு, வெளிச்சம் மங்கும் முன் திரும்பினோம்.

ஒரு காட்சி என் மனதைவிட்டு அகலவில்லை. ஜோப்ளினில் நாங்கள் தங்கிய இடத்துக்கு எதிரே ‘வார வாடகைக்கு அறை’ என்ற பலகையோடு ஒரு மோட்டல். காலை ஏழேகாலுக்குப் பள்ளிப் பேருந்து அதன் வாசலில் நின்றது. ஐந்து பிள்ளைகள் பையோடு அறைகளிலிருந்து வந்து ஏறினார்கள். வீட்டு வாடகைக்கு முன்பணம் கட்ட முடியாத குடும்பங்களுக்கு அதுதான் வீடு. அத்தகைய இடங்களை ‘ஆபத்தானவை’ என்று விமர்சனங்களில் எழுதுகிறார்கள். அவசரப்பட்டுச் சொல்லும் சொல். ஓரிரவு தங்குபவருக்கு அது பொருந்தாத இடம், அவ்வளவுதான். அங்கே வசிப்பவர்களைப் பற்றி இழிவாக எழுத நமக்கு உரிமை இல்லை.

பணமும் விமர்சனங்களும்

திரையில் காணும் விலை கட்டும் விலை அல்ல. மாநில, நகர வரிகள் சேர்ந்து பெரும்பாலும் 10 முதல் 15 சதவீதம் ஏறும். 2025 மே 12 முதல் அமலில் உள்ள மத்திய விதிப்படி, விடுதிகள் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்தத்தையே விளம்பரத்தில் காட்ட வேண்டும். ஆனால் அரசு வரியை அதில் சேர்க்காமல் பிறகு காட்டலாம். ஆகவே ஒப்பிடும்போது வரியோடு ஒப்பிட வேண்டும். பல மோட்டல்கள் சேதத்துக்கு என்று அட்டையில் ஒரு தொகையை முடக்கிவைக்கும். டெபிட் அட்டை கொடுத்தால் நம் சொந்தப் பணமே சில நாட்கள் அடைபட்டுக் கிடக்கும். கிரெடிட் அட்டையே கொடுங்கள்.

விமர்சனங்களில் சராசரி மதிப்பெண்ணை இப்போது நான் ஏறக்குறைய பார்ப்பதே இல்லை. புதியது முதலில் என்று அடுக்கி, கடைசி மூன்று மாதத்தில் இரண்டு, ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்களை மட்டும் படிக்கிறேன். ஒருவர் துண்டு சிறியது என்கிறார், ஒருவர் காலை உணவு ஆறிவிட்டது என்கிறார், ஒருவர் ஊழியர் சிரிக்கவில்லை என்கிறார் என்றால் அந்த மோட்டல் நல்லது. குறை சிதறியிருக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று பேர் ஒரே குறையைச் சொன்னால், அது பூச்சியோ பூட்டாத கதவோ எதுவானாலும், அடுத்ததுக்குப் போய்விடுகிறேன். பூச்சி என்று ஒரே ஒருவர் படத்தோடு போட்டிருந்தாலும் போதும்.

தளத்தில் பார்த்துவிட்டு மோட்டலுக்கே நேராகப் போன் செய்வதும் கைகொடுத்தது. மேசையில் இருப்பவரிடம் கேட்டது நாலே விஷயம்: படி ஏறாத அறை உண்டா, புகைக்காத அறையா, தண்டவாளமோ நெடுஞ்சாலையோ எந்தப் பக்கம், எத்தனை மணி வரை பணம் பிடிக்காமல் கேன்சல் செய்யலாம். பதில் சொல்லும் தொனியிலேயே பாதி தெரிந்துவிடும். அவசரமில்லாமல், அறை எண்ணோடு பதில் சொன்னவர்களின் இடங்கள் எதுவும் எங்களை ஏமாற்றவில்லை.

பதினோராம் இரவு: கிங்மன், 74 டாலர்

வில்லியம்ஸிலிருந்து 115 மைல். காலியாக விட்டிருந்த இரண்டாவது இரவு இது. கிங்மன் வழியாகவும் அதே ரயில் பாதை போகிறது என்பது இந்தமுறை தெரியும். செலிக்மனில் மதியம் சாப்பிடும்போது செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, ஊரின் கிழக்குப் பக்கம், தண்டவாளத்திலிருந்து விலகி நெடுஞ்சாலை எக்ஸிட் அருகே இருந்த மூன்று மோட்டல்களைக் குறித்தோம். முதலாவதில் நாய் வைத்திருப்பவர்களுக்கான அறைதான் மிச்சம். இரண்டாவதில் போன் எடுத்தவர் தரைத்தளத்தில் பின்பக்க அறை ஒன்று இருக்கிறது, வந்து பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

மூன்றே காலுக்கு அங்கே இருந்தோம். பெட்டிகள் காரில். மனைவி விரிப்பை உருவப் போகுமுன் மகன் அவள் கைபேசியை வாங்கி, மெத்தை மூலையில் மண்டியிட்டு, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தான். நான்கு மூலை, இரண்டு கட்டில், பலகைக்குப் பின்புறம். நேரம் எடுத்துக்கொண்டான்; யாரும் அவசரப்படுத்தவில்லை. அம்மா வாசலில் நாற்காலி போட்டு வெயிலில் காலை நீட்டிக்கொண்டு, ‘என்ன கண்ணா, படுக்கலாமா?’ என்றார். அவன் இழுப்பறையையும் திறந்து பார்த்துவிட்டு, ‘படுக்கலாம் பாட்டி’ என்றான். நான் கோப்பையில் தண்ணீர் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தேன்.